பதாகையில் பெயர் இல்லாத பிள்ளைகள் எங்கே?

கேள்வி: நாங்கள் நிலாவெளியில் இருக்கிறோம். மகள் புலமைப்பரிசில் பரீட்சையில் திருகோணமலை நகரத்து மகளிர் கல்லூரி ஒன்றின் வெட்டுப்புள்ளியை இரண்டே புள்ளியால் தாண்டியிருக்கிறாள். ஊர்ப் பாடசாலையில் அவள்தான் முதலாம் பிள்ளை. தரம் 6 இற்கு அங்கே அனுப்பலாமா? அது நல்ல பாடசாலைதானா என்று எதை வைத்துப் பார்ப்பது?

பதில்: சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது பாடங்களிலும் ஏ எடுத்தவர்களின் பெயரோடு வாசலில் தொங்கும் 9ஏ பதாகையை முதலில் மறந்துவிடுங்கள். வடித்தெடுத்துச் சேர்த்த பிள்ளைகள் நன்றாகச் செய்வதில் அதிசயம் இல்லை. அதில் பாடசாலையின் பங்கு எவ்வளவு, ரியூசன் வாத்தியாரின் பங்கு எவ்வளவு என்று பதாகை சொல்லாது.

உங்கள் மகள் வெட்டுப்புள்ளியை ஒட்டித்தான் உள்ளே போகிறாள். அதனால் நீங்கள் விசாரிக்க வேண்டியது கடைசி வாங்கைப் பற்றி. சாதாரண தரத்துக்கு எத்தனை பேர் தோற்றினார்கள், அதில் எத்தனை பேர் உயர்தரம் படிக்கத் தகுதி பெற்றார்கள் என்று கேளுங்கள். தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தி, அதில் மூன்றிலாவது சி அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் அந்தத் தகுதி. ஆரம்பப் பிரிவும் உள்ள பாடசாலை என்றால் இன்னும் நல்லது. அங்கே புலமைப்பரிசில் புள்ளி இல்லாமலே தரம் 5 இலிருந்து மேலே வந்த பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் தரம் 11 இல் எப்படி நிற்கிறார்கள் என்று பாருங்கள். படிப்பித்தல் எப்படி என்பது அங்கேதான் தெரியும்.

மகளிர் பாடசாலையின் பலம் என்று நான் நம்புவது ஆய்வுகூடத்தில் இருக்கிறது. கலவன் வகுப்பில் பியூரெட்டை, அதாவது திரவம் அளக்கும் கண்ணாடிக் குழாயை, பையன்கள் பிடிப்பார்கள், பெண் பிள்ளைகள் அவதானிப்பை எழுதுவார்கள். ஆசிரியராக நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், மாறவில்லை. மகளிர் பாடசாலையில் அந்தப் பிரச்சினையே வராது. ஆனால் ஆய்வுகூடம் திறந்திருக்க வேண்டுமே! இணைந்த கணிதத்துக்கும் பௌதிகவியலுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்று அதிபரிடம் நேராகவே கேளுங்கள். 1923 இல் தொடங்கிய ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரி போன்ற பழைய பெயர்களுக்கு ஊரில் மதிப்பு அதிகம். இருந்தாலும் எந்தப் பாடசாலையானாலும் இந்த வருட நேரசூசியைப் பார்த்தே பேசுங்கள்.

பலவீனம் பெரும்பாலும் வாசலுக்கு வெளியேதான். நிலாவெளியிலிருந்து பதினைந்து கிலோமீற்றர் அளவு. மணி 7.30 இற்கு அடிக்கும் என்றால் பிள்ளை ஐந்து மணிக்கே எழும்ப வேண்டும். மாலை ரியூசனும் சேர்ந்தால், மார்கழி மழையில் இருட்டிய பிறகுதான் வீடு. அப்புறம், ஊரில் முதலாம் பிள்ளை அங்கே முப்பதாம் பிள்ளை ஆகலாம். சில பிள்ளைகள் அதைச் சவாலாக எடுப்பார்கள், சிலர் ஒடுங்கிப் போவார்கள். உங்கள் மகள் எந்த ரகம் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

பல்கலைக்கழக அனுமதியை நினைத்துப் பதற வேண்டாம். 55 வீத இடங்கள் மாவட்ட அடிப்படையில் போகின்றன. நிலாவெளியில் படித்தாலும் நகரத்தில் படித்தாலும் மாவட்டம் ஒன்றுதான். சாதாரண தரத்துக்குப் பிறகு உயர்தரத்துக்கு நகரப் பாடசாலைக்கு மாறவும் வழி உண்டு. ஊரில் கணிதமும் விஞ்ஞானமும் ஒழுங்காக நடக்கிறதென்றால் நானாக இருந்தால் அதுவரை பொறுப்பேன். அந்த இரண்டுக்கும் ஆசிரியர் இல்லையென்றால், சரி, இப்போதே அனுப்புங்கள்.

முடிவெடுக்க முன் ஒரு வேலைநாளில் பாடசாலை விடும் நேரம் பஸ் நிலையத்துக்குப் போய் நில்லுங்கள். நிலாவெளிப் பக்கம் போகும் பஸ்ஸில் அந்தச் சீருடையோடு எத்தனை பிள்ளைகள் ஏறுகிறார்கள் என்று பாருங்கள். நாலைந்து பேராவது இருந்தால், அவர்களில் ஒருத்தியின் தாயைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள்.