பதினெட்டா, பதினாறா? ஜூம் லென்ஸ் கேள்வி – பதில்

என்னிடம் நிக்கான் டி5600 கேமராவும் அதோடு வந்த 18-55 லென்ஸும் இருக்கின்றன. கோயில், தெரு, வீட்டு விசேஷம் எல்லாமே எடுப்பேன். "18-300 வாங்கிடுங்க சார், அப்புறம் வேற லென்ஸே தேவைப்படாது" என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
– வாசகர், கும்பகோணம்

கடைக்குப் போகும் முன் செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. கடந்த ஓராண்டில் எடுத்த படங்களைக் கணினியில் ஒரே ஃபோல்டரில் போடுங்கள். விண்டோஸ் என்றால் 'டீடெய்ல்ஸ்' காட்சிக்கு மாற்றி, மேலே தலைப்புகள் இருக்கும் பட்டையில் வலது கிளிக் செய்து, 'மோர்' பட்டியலில் 'ஃபோக்கல் லெங்த்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். லென்ஸ் பெயரில் வரும் 18, 55 போன்ற மி.மீ. எண்தான் இந்தக் குவியத் தூரம்: எண் சிறிதானால் படத்தில் அகலம் அதிகம் அடங்கும், பெரிதானால் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். அந்தத் தலைப்பைச் சொடுக்கினால் படங்கள் குவியத் தூர வரிசையில் வந்து நிற்கும்.

பெரும்பாலும் 18-லேயே குவிந்திருந்தால் உங்களுக்கு அகலம் போதவில்லை. 55-ல் குவிந்திருந்தால் எட்டவில்லை. 24-க்கும் 45-க்கும் நடுவே பரவியிருந்து, படங்களும் கலங்கலாக இருந்தால் குறை தூரத்தில் இல்லை, வெளிச்சத்தில். மூன்றுக்கும் வெவ்வேறு மருந்து. 18-300 இரண்டாவது நோய்க்கு மட்டும்தான்.

பலரும் எட்டும் தூரத்தையே பார்க்கிறார்கள். வீட்டுக்குள் எடுக்கும்போது நெருக்கடி தருவது மறுமுனை. உங்கள் கேமராவின் சென்சார் 23.5 மி.மீ. அகலம். 3 மீட்டர் தள்ளி நிற்பவர்களை எடுக்கும்போது 24 மி.மீ.யில் 2.9 மீட்டர் அகலம் படத்தில் அடங்கும், 18-ல் 3.9, 16-ல் 4.4. பதினெட்டுக்கும் பதினாறுக்கும் அரை மீட்டர்தானே என்று தோன்றும். முதுகு சுவரில் முட்டிய பிறகு, அந்த அரை மீட்டரில்தான் அத்தை நின்றுகொண்டிருப்பார்.

கோயிலுக்கும் இதே கணக்குதான். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் சுமார் 66 மீட்டர் உயரம். கேமராவை நெட்டுவாக்கில் பிடித்து மேல்நோக்கிச் சாய்த்தால், 18 மி.மீ.யில் ஏறக்குறைய 30 மீட்டர் தள்ளி நின்றே அடி முதல் கலசம் வரை பிடித்துவிடலாம். 24-ல் 50 மீட்டர் பின்னால் போக வேண்டும். பெரிய கோயில் பிராகாரத்தில் அதற்கு இடம் உண்டு. உங்கள் ஊர்ச் சன்னதித் தெருக்களில் கிடையாது. இப்படிச் சாய்த்தால் விமானம் பின்னால் சாய்வது போல வரும். அது லென்ஸின் குற்றமல்ல, எந்த லென்ஸிலும் வரும்.

ஆனால் கோபுரத்தின் மேல்நிலைச் சுதைச் சிற்பங்களைத் தனித்தனியே எடுப்பவர் என்றால் 300-க்கு நிச்சயம் வேலை இருக்கிறது. 50 மீட்டர் தூரத்தில் 140 மி.மீ. எட்டரை மீட்டர் அகலத்தைக் காட்டும், 300 மி.மீ. நான்கு மீட்டருக்குள் அடக்கிவிடும். ஒரு சிற்பத் தொகுதிக்கு அது சரியான அளவு.

எனவே என் யோசனை: 18-55 இருக்கட்டும். கூடவே நிக்கானின் ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300 விஆர் வாங்குங்கள். விஆர் என்ற எழுத்து இல்லாத இன்னொரு 70-300-ம் விற்பனைக்கு வந்தது. அதில் அதிர்வுத் தடுப்பு இல்லை, பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். இரண்டு லென்ஸும் சேர்ந்து 620 கிராம்தான். 18-300-ன் எஃப்/6.3 வகை ஒன்றே 550 கிராம் (எஃப் எண் லென்ஸின் துளை அளவு; எண் சிறிதானால் துளை பெரிது, வெளிச்சம் அதிகம்). பதினாறு மடங்குக்கு மேல் இழுக்கும் லென்ஸில் எங்காவது விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும்: 18-ல் தூண்கள் வயிறு தள்ளி வளையும், 300-ல் கூர்மை குறையும், அருகில் இருப்பதை எடுக்கும்போது 300 என்று எழுதியிருந்தாலும் அந்தளவு பெரிதாகக் காட்டாது.

லென்ஸ் மாற்றவே பிடிக்காது என்றால் 18-140 விஆர். கையில் பணம் இருந்து, உங்கள் படங்கள் 18-ல் குவிந்திருந்தால் 16-80 எஃப்/2.8-4. உங்களுடையது போன்ற டிஎக்ஸ் (சிறிய சென்சார்) கேமராவுக்கு நிக்கான் செய்த பொதுப் பயன்பாட்டு ஜூம்களில் எனக்குப் பிடித்தது அதுதான்.

கேனான் 200டி, 18-55 லென்ஸ். கல்யாண மண்டபத்தில் எடுத்தால் எல்லாம் ஆடிப்போய் வருகிறது. ஐ.எஸ். ஆன் செய்துதான் வைத்திருக்கிறேன். 17-50 எஃப்/2.8 வாங்கினால் சரியாகுமா?
– வாசகி, திண்டுக்கல்

பெருமளவு சரியாகும். ஐ.எஸ். உங்கள் கை நடுக்கத்தைத்தான் தாங்கும். தாலி கட்டுபவரின் கை அசைவதை அது நிறுத்தாது. அதற்கு ஷட்டர் வேகம் வேண்டும்.

உங்கள் லென்ஸை 55-க்கு இழுத்தால் துளை எஃப்/5.6-க்கு மேல் திறக்காது. எஃப்/2.8 இரண்டு ஸ்டாப் அதிகம், அதாவது நான்கு மடங்கு வெளிச்சம். இப்போது ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளி உணர்திறன்) 6400, ஷட்டர் 1/60 வினாடி, எஃப்/5.6 என்று எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே வெளிச்சத்தில் எஃப்/2.8, 1/100, ஐ.எஸ்.ஓ. 2500 என்று எடுக்கலாம். ஆட்டமும் குறையும், புள்ளி புள்ளியாகத் தெரிவதும் குறையும். 1/100 என்பதற்குக் காரணம் உண்டு: நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பல விளக்குகள் வினாடிக்கு 100 முறை துடிக்கும். 1/250 வைத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரும். 1/100, 1/50 இரண்டிலும் இந்தத் தொல்லை குறைவு.

சிக்மா 17-50 எஃப்/2.8 ஓஎஸ், டாம்ரான் 17-50 எஃப்/2.8 விசி, கேனானின் சொந்த 17-55 எஃப்/2.8 ஐ.எஸ். மூன்றும் உங்கள் கேமராவில் பொருந்தும். கேனான் லென்ஸின் ஃபோகஸ் வேகமானது. விலையும் எடையும் அதிகம், 645 கிராம். சிக்மா 565 கிராம். பிற நிறுவன லென்ஸ் மாட்டினால் கேமரா மெனுவில் 'லென்ஸ் அபரேஷன் கரெக்‌ஷன்' பகுதியில் உள்ளவற்றை டிசேபிள் செய்துவிடுங்கள். கேமரா அந்த லென்ஸை வேறொன்று என்று நினைத்துத் தப்பான திருத்தம் போட்டு, படத்தைக் கெடுக்க வாய்ப்புண்டு.

வாங்கிய முதல் வாரம் எல்லோரும் செய்யும் தவறு, எல்லாவற்றையும் எஃப்/2.8-லேயே எடுப்பது. 50 மி.மீ.யில் 2 மீட்டர் தூரத்தில் எஃப்/2.8 வைத்தால் தெளிவாக வரும் ஆழம் சுமார் 17 செ.மீ. மணமகள் முகம் பளிச்சென்று இருக்கும், பின்னால் நாத்தனார் கரைந்து போயிருப்பார். இரண்டு வரிசையாக நிற்கும் குரூப் போட்டோவுக்குத் துளையை எஃப்/5.6-க்குக் குறைத்து, ஃப்ளாஷ் போடுங்கள்.

அந்த ஃப்ளாஷிலும் ஒரு சிக்கல். கேமராவில் எழும்பி நிற்கும் குட்டி ஃப்ளாஷ் இந்தத் தடித்த லென்ஸைத் தாண்டி ஒளி வீசாது. 17 மி.மீ.யில் படத்தின் கீழ்ப்பகுதியில் அரைவட்ட நிழல் விழும். லென்ஸின் முன்னால் மாட்டும் ஹூட்டைக் கழற்றினால் குறையும், முழுக்கப் போகாமலும் இருக்கலாம். தனி ஃப்ளாஷே நல்லது. மண்டபத்துக் கூரையில் அடித்துத் திருப்பலாம் என்றால் பல இடங்களில் கூரை எட்டாத உயரம், இல்லையேல் ரோஸ் துணி கட்டியிருப்பார்கள், முகமெல்லாம் ரோஸாகும். முதலில் ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

என் லென்ஸ் 3 எக்ஸ், நண்பருடையது 16 எக்ஸ். எது சக்தி வாய்ந்தது?
– வாசகர், ஆம்பூர்

அந்த எண் பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்த ஈவு, அவ்வளவுதான். 18-55 மூன்று மடங்கு. 10-20 இரண்டே மடங்கு, 55-250 நாலரை மடங்கு. இந்த இரண்டையும் மடங்கை வைத்து ஒப்பிட்டு என்ன தெரிந்துகொள்வது? மி.மீ. எண்களையும் எஃப் எண்ணையும் பாருங்கள், எக்ஸை மறந்துவிடுங்கள்.

பழைய நிக்கான் டி3100-க்குப் புத்தம் புதிய 18-55 லென்ஸ் வாங்கினேன். சரியாகப் பொருந்துகிறது, ஆனால் ஃபோகஸே ஆகவில்லை. லென்ஸ் பழுதா?
– வாசகர், தூத்துக்குடி

லென்ஸ் மீது ஏஎஃப்-பி என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் பழுது இல்லை, பொருத்தம் இல்லை. 2016 முதல் வந்த இந்த வகையின் ஸ்டெப்பிங் மோட்டாரை இயக்கும் கட்டளைகள் டி3100, டி5100, டி90, டி7000 போன்ற பழைய பாடிகளுக்குத் தெரியாது. இதில் ஃபோகஸ் வளையமும் மின்சாரத்தில்தான் வேலை செய்கிறது, ஆகவே கையால் திருப்பியும் பயனில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு ஏஎஃப்-எஸ் என்று எழுதிய 18-55 விஆர், 18-105 விஆர், 18-140 விஆர் இவற்றில் ஒன்றை வாங்குங்கள்.

இன்னொரு பக்கமும் பள்ளம் இருக்கிறது. மலிவாகக் கிடைக்கிறதே என்று வெறும் ஏஎஃப் அல்லது ஏஎஃப்-டி என்று எழுதிய பழைய லென்ஸை வாங்கிவிடாதீர்கள். அவற்றுக்கு மோட்டார் கேமரா பாடிக்குள் இருக்க வேண்டும்; டி3000, டி5000 வரிசைகளில் அது கிடையாது. கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டியிருக்கும்.

கேனான் 80டி பாவிக்கிறேன். 18-135 வாங்குவதா, 24-105 எஃப்/4 எல் வாங்குவதா? பிறகு மிரர்லெஸ் கமராவுக்கு மாறும் எண்ணமும் இருக்கிறது.
– வாசகர், மட்டக்களப்பு

24-105 ஃபுல் ஃப்ரேம், அதாவது பெரிய சென்சார் கேமராவுக்கென்று செய்தது. 80டி-யின் சென்சார் அதைவிடச் சிறியது, ஆகவே 1.6 மடங்கு கணக்கால் அது 38 மி.மீ. போலத் தொடங்கும். அறைக்குள் எடுக்கும் அகலம் போய்விடும். எல் வகை லென்ஸின் சிவப்பு வளையத்துக்காக அகலத்தை இழப்பது புத்திசாலித்தனம் இல்லை. 80டி-க்கு 18-135 யூஎஸ்எம் நன்றாகவே பொருந்தும். வீடியோ எடுக்கும்போதும் சத்தமில்லாமல் ஃபோகஸ் ஆகும்.

கேனானின் அடாப்டர் வழியாக இரண்டு லென்ஸுமே ஆர் வரிசை மிரர்லெஸ்ஸில் தானியங்கி ஃபோகஸுடன் வேலை செய்யும். அடாப்டருக்குள் கண்ணாடி இல்லை, ஆகவே தரம் குறையாது. ஆனால் 18-135 ஈஎஃப்-எஸ், அதாவது 80டி போன்ற சிறிய சென்சாருக்கென்று செய்த வகை. அதே அளவு சென்சார் உள்ள ஆர்7, ஆர்10, ஆர்50 வாங்கினால் இழப்பு ஒன்றும் இல்லை. ஆர்6 போன்ற ஃபுல் ஃப்ரேம் வாங்கினால் கேமரா நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும். 20 மெகாபிக்சல் எட்டுக்கும் கீழே இறங்கிவிடும். ஃபுல் ஃப்ரேம்தான் என்று உறுதியாக இருந்தால் மட்டும் 24-105 பற்றி யோசியுங்கள். அப்போதும், கையில் 18-55 இருந்தால் அதை விற்காதீர்கள், அகலத்துக்கு அது வேண்டும்.

பழைய லென்ஸ் வாங்கும்போது என்னவெல்லாம் சோதிக்க வேண்டும்?
– வாசகர், ஈரோடு

உங்கள் கேமரா, காலி மெமரி கார்டு, சின்ன டார்ச், செய்தித்தாளின் ஒரு முழுப் பக்கம். இவற்றோடு போங்கள்.

முதலில் பின்பக்க மவுண்டின் (கேமராவில் மாட்டும் வளையத்தின்) திருகுகள். தலையில் கீறல் இருந்தால் லென்ஸைத் திறந்திருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள். அடுத்து டார்ச்சை ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக அடித்து மறுபக்கம் பாருங்கள். நாலைந்து தூசி பரவாயில்லை, படத்தில் தெரியாது. சிலந்தி வலை போலக் கிளைத்த நூல் தெரிந்தால் பூஞ்சை. பால் படிந்தது போல் மங்கலாக இருந்தாலும் வேண்டாம்.

ஜூம் வளையத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் எங்கும் பிடிக்கவோ தளரவோ கூடாது. லென்ஸ் முகத்தைத் தரையை நோக்கிப் பிடித்தால் பெரிய ஜூம்கள் தானே கீழே வழுக்கும். அது வயதின் அடையாளம், பேரம் பேச உதவும், நிராகரிக்க வேண்டியதில்லை.

பிறகு கேமராவில் மாட்டி எஃப்/11 வைத்து, 18, 35, 55 என்று ஒவ்வொரு நிலையிலும் படம் எடுங்கள். துளையை முழுக்கத் திறந்து மட்டும் சோதித்து வாங்கி ஏமாந்தவர்கள் நிறைய. ஜூம் லென்ஸுக்குள் துளைத் தகடுகளுக்குப் போகும் மெல்லிய ரிப்பன் கேபிள், ஆயிரக்கணக்கான முறை மடங்கி நிமிர்ந்து ஒரு நாள் விரிசல் விடும். விட்டால், துளை முழுதாகத் திறந்திருக்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். குறைத்ததும் கேனானில் 'எர்ரர் 01' வரும்.

கடைசியாகச் செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, கேமராவை அதற்கு நேராக ஏதாவது மேஜையில் வைத்து, எஃப்/5.6-ல் எடுத்து நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். நான்கும் சமமாகக் கொஞ்சம் மங்கினால் அது லென்ஸின் இயல்பு. மூன்று கூர்மையாக இருந்து ஒன்று மட்டும் கலங்கினால் உள்ளே ஒரு கண்ணாடி இடம் பெயர்ந்திருக்கிறது, பெரும்பாலும் கீழே விழுந்த லென்ஸ். எத்தனை மலிவென்றாலும் விட்டுவிடுங்கள்.

கடலோரம் வீடு. லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் எப்படி வைப்பது?
– வாசகி, நாகர்கோவில்

தோல் உறையிலும் கேமரா பையிலும் மாதக்கணக்கில் வைக்காதீர்கள், இரண்டும் ஈரத்தைப் பிடித்துவைக்கும். ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, 200 கிராம் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் போதும். மீட்டர் 40 முதல் 50 சதவீதம் காட்ட வேண்டும். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையானால் வாணலியில் சிறு தீயில், நிறம் திரும்பும்வரை வறுத்து, நன்றாக ஆறிய பிறகு உள்ளே வையுங்கள். அந்த வாணலியில் பிறகு சமைக்க வேண்டாம்.