யூரின் கல்ச்சரில் மூன்று கிருமிகள்: அம்மாவுக்கு மூன்று தொற்றா?

கேள்வி: என் அம்மாவுக்கு 64 வயது, சர்க்கரை நோய் உண்டு. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் என்று டாக்டரிடம் போனோம். யூரின் கல்ச்சர் (சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எழுதிக்கொடுத்தார். பக்கத்துக் கலெக்‌ஷன் சென்டரில் காலை 8 மணிக்கு மாதிரி கொடுத்தோம். மூன்றாம் நாள் வந்த ரிப்போர்ட்டில் ‘மூன்று வகைக் கிருமிகள் கலந்து வளர்ந்துள்ளன, மறு மாதிரி அனுப்பவும்’ என்று இருக்கிறது. மூன்று தொற்றா? வேறொரு சென்டரில் ஒரே நாளில் முழு ரிப்போர்ட் தருவதாகச் சொல்கிறார்கள், அங்கே கொடுக்கலாமா? நடுவில் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய செஃபிக்சிம் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை இரண்டு கொடுத்திருக்கிறோம்.
— வாசகர், திருநெல்வேலி

பதில்: மூன்று தொற்று என்று பயப்பட வேண்டாம். சிறுநீர்த் தொற்றில் வழக்கமாக ஒரு கிருமிதான் குற்றவாளி. பெரும்பாலும் அது குடலில் குடியிருக்கும் ஈ.கோலை. மூன்று வகை வளர்ந்தால், தோலிலும் பிறப்புறுப்பைச் சுற்றியும் சாதாரணமாக வசிப்பவை டப்பாவுக்குள் விழுந்துவிட்டன என்றுதான் ஆய்வகத்தில் இருக்கும் நாங்கள் எடுத்துக்கொள்வோம். உங்கள் ரிப்போர்ட்டை எழுதியவர் நேர்மையானவர். மூன்றில் ஒன்றைப் பொறுக்கி, அதற்குப் பக்கத்தில் பத்து மருந்துகளின் பெயரை அச்சடித்துக் கொடுத்திருந்தால் நீங்கள் திருப்தியாக வீட்டுக்குப் போயிருப்பீர்கள். அப்படிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆய்வகத்தில் நடப்பது எளிதுதான். ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை மட்டும் முகக்கும் சிறு வளையத்தைச் சிறுநீரில் தோய்த்து, கிருமிக்கு உணவு கலந்த அகர் கூழ்த் தட்டின்மேல் கோடு கோடாக இழுப்போம். (அகர் கடற்பாசியிலிருந்து வருவது. ராமநாதபுரம் கடலோரத்தில் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசியிலிருந்தும் காய்ச்சுகிறார்கள்.) 37 டிகிரியில் ஓர் இரவு இருந்தால், கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு கிருமியும் பெருகி ஒரு புள்ளியாக எழும்பும். சிறுநீருக்கென்று வைத்திருக்கும் நீலப்பச்சைத் தட்டில் ஈ.கோலை வளர்ந்தால், சுற்றியுள்ள இடமும் சேர்ந்து மஞ்சளாகிவிடும். புள்ளிகளை எண்ணி ஆயிரத்தால் பெருக்குகிறோம். நூறு புள்ளி என்றால் மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம். அதைத் தொட்டால் தொற்று என்று எடுத்துக்கொள்வோம். 1950களில் அமெரிக்காவில் எட்வர்ட் காஸ் வகுத்த இந்த எல்லையைத்தான் இன்றும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

எண்ணிக்கையை வைத்துத் தீர்ப்புச் சொல்லும் சோதனை என்பதால் நேரம் பிசகினால் எல்லாம் பிசகும். தோதான சூட்டில் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். சிறுநீரில் அவ்வளவு வேகம் இல்லாவிட்டாலும், திருநெல்வேலிச் சூட்டில் சில மணி நேரம் கிடந்தால் ஆயிரம் லட்சமாகிவிடும். நீங்கள் 8 மணிக்குக் கொடுத்தீர்கள். அது ஆய்வகத்துக்கு எத்தனை மணிக்குப் போனது? சென்டரில் கேட்டுப் பாருங்கள், யாருக்கும் தெரியாது. கலெக்‌ஷன் சென்டர் என்பது ஆய்வகம் இல்லை. ஒரு மேசை, ஒரு ரசீதுப் புத்தகம், சுவரில் தலைமை ஆய்வகத்தின் சான்றிதழ் நகல். பைக்கில் வரும் பையன் மாலையில் ஒரே நடையாக எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போவான். ரத்தச் சர்க்கரைக்கு என்ன பையோ, கல்ச்சருக்கும் அதே பை. இதில் அனுப்பியவருக்குக் கமிஷன், சென்டருக்குக் கமிஷன். ஐஸ் பெட்டி வாங்க மட்டும் காசு இருக்காது. மாதிரி எடுத்த நேரத்தையும் ஆய்வகத்தில் வாங்கிய நேரத்தையும் ரிப்போர்ட்டில் அச்சிடுங்கள் என்று எத்தனை கூட்டத்தில் சொன்னாலும், தலையாட்டிவிட்டுப் போகிறார்கள்.

‘ஒரே நாளில் முழு ரிப்போர்ட்’ கதைக்கு வருகிறேன். முதல் நாள் தட்டில் இழுக்கிறோம். இரண்டாம் நாள் வளர்ந்ததைப் பார்த்து, தனிப் புள்ளியை எடுத்து வேறு தட்டில் பரப்பி, மருந்து தோய்த்த காகித வில்லைகளை வைக்கிறோம். மூன்றாம் நாள் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தை மில்லிமீட்டரில் அளக்கிறோம். புதிய இயந்திரம் இருக்கிறது என்பார்கள். அதற்கும் தட்டில் வளர்ந்த கிருமியைத்தான் ஊட்ட வேண்டும். ‘கிருமி வளரவில்லை’ என்பதை மறுநாளே சொல்லலாம். எந்த மருந்து கேட்கும் என்ற பட்டியலை அன்றைக்கே தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள்.

மாத்திரை விஷயத்தில் உங்கள்மேலும் எனக்கு வருத்தம்தான், கடைக்காரர்மேல் கோபம். செஃபிக்சிம் 2014 மார்ச் முதல் ஹெச்1 பட்டியலில் இருக்கும் மருந்து. டாக்டர் சீட்டு வேண்டும். நோயாளியின் பெயரைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். எந்தக் கடையில் எழுதுகிறார்கள்? அந்த மாத்திரையால் இப்போது மறு மாதிரியில் கிருமி வளராமல் போகலாம். அதனால் தொற்று இல்லை என்று ஆகிவிடாது. எந்த மாத்திரை, எத்தனை, எப்போது என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மறு மாதிரி எப்போது கொடுப்பது என்பதை அவரே முடிவு செய்யட்டும். ஒன்று மட்டும்: அம்மாவுக்குக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாப்புற வலி, வாந்தி, தடுமாற்றப் பேச்சு, இவற்றில் எது வந்தாலும் கல்ச்சருக்குக் காத்திருக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

எரிச்சல் தீர்ந்த பிறகு ‘கிருமி போய்விட்டதா பார்ப்போம்’ என்று இன்னொரு கல்ச்சர் எடுக்க வேண்டாம். தொந்தரவு இல்லாதவருக்குச் சிறுநீரில் கிருமி இருந்தாலும் மருந்து தேவையில்லை, சர்க்கரை நோயாளிக்கும்தான். கர்ப்பிணிக்கும், சிறுநீர்ப் பாதையில் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளப் போகிறவருக்கும் இது பொருந்தாது. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கர்ப்பிணிக்கு எரிச்சல், காய்ச்சல் எதுவும் இல்லாமலே கிருமி இருக்கலாம். கவனிக்காவிட்டால் சிறுநீரகம்வரை ஏறலாம். ஆகவே கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் ஒரு கல்ச்சர் எடுத்துவிட வேண்டும். குச்சியை நனைத்து நிறம் பார்க்கும் சோதனை போதாது. கிருமி வளர்ந்தால், தொந்தரவே இல்லாவிட்டாலும், டாக்டர் தரும் மருந்தை முழுவதும் சாப்பிட வேண்டும். ‘நன்றாகத்தானே இருக்கிறாள், எதற்கு மருந்து’ என்று மாமியார் சொன்னாலும், ஏன், சில டாக்டர்களே சொன்னாலும், கேட்காதீர்கள். வீட்டில் கர்ப்பிணி யாரும் இருந்தால் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

மறு மாதிரிக்குச் சென்டரைத் தவிர்த்து, கல்ச்சர் போடும் ஆய்வகத்துக்கே அம்மாவைக் கூட்டிப்போங்கள். வெறும் தண்ணீரில் முன்னிருந்து பின்னாகக் கழுவச் சொல்லுங்கள், கிருமிநாசினி கூடாது. முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். மூடியின் உட்புறத்தில் விரல் படக்கூடாது. ஆய்வகம் தரும் டப்பாவைத் தவிர, வெந்நீரில் கழுவிய ஹார்லிக்ஸ் பாட்டிலெல்லாம் வேண்டாம். வீட்டில்தான் எடுக்க முடியும் என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேருங்கள். தாமதமானால் ஃப்ரிட்ஜின் உள்தட்டில் வையுங்கள், ஃப்ரீஸரில் வேண்டாம். சனிக்கிழமை மாலை கொடுக்காதீர்கள். ஞாயிறன்று தட்டைப் பார்க்க ஆள் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். பழைய ரிப்போர்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்: கலந்து வளர்ந்த மாதிரிக்கு இரண்டாம் முறை பணம் வாங்காத ஆய்வகங்களும் உண்டு, ஆனால் கேட்டால்தான் சொல்வார்கள்.