சேவல் கூவுகிறது என்று வக்கீல் நோட்டீஸ்: கோழிகளை அகற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: ஐயா, வீட்டுக் கொல்லையில் 4 வருடமாக 6 பெட்டைக்கோழிகள் வளர்க்கிறேன். போன வருடம் ஆசைப்பட்டு ஒரு சின்ன இன்குபேட்டர் வாங்கி, தெரிந்தவரிடம் கருமுட்டை வாங்கி வைத்தேன். 12 முட்டையில் 9 பொரிந்தன. அதில் 5 சேவல். இப்போது விடியுமுன் 4 மணிக்கே கூவ ஆரம்பித்துவிடுகின்றன. ஒன்றரை வருடத்துக்கு முன் பக்கத்து வீட்டை வாங்கிக் குடிவந்தவர், 15 நாளுக்குள் எல்லாக் கோழிகளையும் அகற்ற வேண்டும், தூக்கம் கெட்டதற்கு இழப்பீடு தர வேண்டும், இல்லையேல் வழக்கு என்று வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கிறார். ஒரு நாள் மதில் தாண்டிப் போன கோழி அவருடைய பாத்தியைக் கிளறிவிட்டது. “இனி வந்தால் எதையாவது வைத்துவிடுவேன்” என்று மிரட்டுகிறார். அவருக்கு முன்பிருந்தே நான் இங்கே இருக்கிறேன். இது வியாபாரம் இல்லை, பொழுதுபோக்கு. மீந்த முட்டையை மட்டும் தெரிந்தவர்களுக்கு விலைக்குக் கொடுப்பதுண்டு. பிரான்சில் ஒரு சேவல் இப்படி வழக்கில் ஜெயித்ததாகப் படித்தேன். நோட்டீஸைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாமா?

பதில்: விடக்கூடாது. நோட்டீஸ் தீர்ப்பு அல்ல. அதில் எழுதியிருப்பதாலேயே நீங்கள் எதையும் செய்தாக வேண்டும் என்றில்லை. ஆனால் நாளைக்கு வழக்கு வந்தால், “முறையாகத் தெரிவித்தும் பதிலே இல்லை” என்பதுதான் வாதத்தின் முதல் வரியாக இருக்கும். கோபத்தில் நீங்களே உட்கார்ந்து பதில் எழுதுவது அதைவிட ஆபத்து. “சேவல் என்றால் கூவத்தான் செய்யும், வேண்டுமானால் ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், கூவுகிறது என்பதை ஒப்புக்கொண்டதாகவும் ஆகும், அதைப் பற்றி உங்களுக்குக் கவலையில்லை என்றும் ஆகும். அதற்காகச் சேவலே இல்லை என்று பொய் எழுதிவிடாதீர்கள். கைபேசியில் ஒரு பதிவு போதும், உங்கள் மற்ற பேச்சும் எடுபடாமல் போய்விடும்.

எந்த நாட்டில், எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதனால் பிரிவு எண்களுக்குப் போகாமல், இங்கிலாந்துச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் பொதுவாக உள்ள நிலையைச் சொல்கிறேன்.

“நான்தான் முதலில் வந்தேன்” என்பதை உங்கள் பெரிய பலமாக நினைக்கிறீர்கள். அது பலமே இல்லை. 1879-இல் லண்டனில் தீர்ந்த ஸ்டர்ஜஸ் எதிர் பிரிட்ஜ்மன் வழக்கில், மிட்டாய்க்காரர் ஒருவர் 20 வருடத்துக்கும் மேலாக உரலில் இடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து மனையில் இருந்த மருத்துவர் பின்னாளில் தன் தோட்டத்துக் கோடியில், அந்தச் சமையலறைச் சுவரை ஒட்டி, நோயாளிகளைப் பார்க்க ஓர் அறை கட்டினார். கட்டிவிட்டு இரைச்சல் என்று வழக்குப் போட்டார். ஜெயித்தவர் மருத்துவர். தொல்லை இருக்கும் இடத்துக்குத் தானாக வந்து சேர்ந்தார் என்பது எதிர்வாதம் ஆகாது என்பதை 2014-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. சட்டத்தை விடுங்கள், உங்கள் கதையிலேயே அந்த வாதம் நிற்காது. பெட்டைகள் அவருக்கு முன்பே இருந்தன, சரி. கூவல் தொடங்கியது அவர் குடிவந்த பிறகுதானே?

அவர் பக்கமும் எல்லாம் சாதகம் என்று சொல்ல முடியாது. சத்தம் காதில் விழுகிறது என்பதால் மட்டும் அது சட்டப்படி தொல்லை ஆகிவிடாது. சாதாரண மனிதர் ஒருவர் தன் வீட்டில் இயல்பாக வாழ்வதை அது கணிசமாகக் கெடுக்கிறதா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். அளவுக்கு மீறிக் கூருணர்வு உள்ளவருடைய சங்கடம் அளவுகோல் அல்ல. எந்த மாதிரிப் பகுதி, எந்த நேரம், எவ்வளவு நேரம், எத்தனை நாள், குறைப்பதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எல்லாமே தட்டில் ஏறும். உங்களுக்கு அடி விழுகிற இடம் “எந்த நேரம்” என்பதுதான். 1936-இல் லீமன் எதிர் மான்டேகு என்று ஒரு சேவல் வழக்கே வந்தது. கோழி வளர்ப்பவரிடம் சுமார் 750 சேவல்கள். நள்ளிரவு 2 மணியிலிருந்து காலை 7 வரை கூவல். தொல்லைதான் என்று தீர்ப்பானது. 750 எங்கே, 5 எங்கே என்று கேட்பீர்கள். கேட்கலாம். ஆனால் அந்த சேவல்கள் இருந்தது வாதியின் வீட்டிலிருந்து ஏறத்தாழ 100 கெஜம் தள்ளி. உங்களுடையவை மதிலுக்கு இந்தப் பக்கம், ஒருவேளை அவருடைய படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே.

பிரான்சுச் சேவல் மொரீஸ் ஜெயித்தது உண்மைதான். ஒலெரோன் தீவில் வீடு வைத்திருந்த தம்பதியின் வழக்கை 2019 செப்டம்பரில் ரோஷ்ஃபோர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தொல்லை என்பதை வாதிகள் நிரூபிக்கவில்லை என்பதுதான் காரணம். சேவலுக்குக் கூவ உரிமை உண்டு என்று பொதுவாக யாரும் அறிவித்துவிடவில்லை. கிராமப்புறத்துக்கே உரிய ஒலிகளையும் மணங்களையும் பாதுகாக்க 2021-இல் அங்கே தனிச் சட்டமே வந்தது. ஆனால் பிரான்சுச் சட்டம் உங்கள் மதில் வரைக்கும் வராது.

இதுவரை சொன்னது தொல்லை வழக்கு. இதைவிட நான் அஞ்சுவது உள்ளாட்சி விதியை. பல நகரங்களில் பெட்டை வளர்க்கலாம், சேவல் கூடாது. நியூயார்க் நகரில் அப்படித்தான். சில இடங்களில் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு, சில இடங்களில் எல்லைச் சுவரிலிருந்து கூண்டு இவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்ற நிபந்தனை. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2024 அக்டோபர் 1 முதல் ஒரே ஒரு கோழி வைத்திருந்தாலும் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். இப்படி ஒரு விதி உங்கள் ஊரில் இருந்து, நீங்கள் அதை மீறியிருந்தால், அவர் தூக்கம் கெட்டதா இல்லையா என்று நிரூபிக்க வேண்டிய அவசியமே வராது. ஒரு புகார் மனு போதும். ஆகவே பதில் எழுதுவதற்கு முன் உள்ளாட்சி அலுவலகத்தில் அந்த விதியை எழுத்தில் வாங்கிப் படியுங்கள். “கோழி” என்ற சொல்லில் குஞ்சும் எண்ணப்படுமா என்பதை விதியின் விளக்கப் பகுதியில் பாருங்கள். இன்குபேட்டர் வைத்திருப்பவருக்கு அந்த வரி முக்கியம். வாடகை வீடானால் ஒப்பந்தத்தையும், சொந்த வீடானால் கிரயப் பத்திரத்தின் நிபந்தனைகளையும் ஒரு தடவை புரட்டிவிடுங்கள். முட்டையை விலைக்குக் கொடுப்பதையும் இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். தொகை சின்னதோ பெரியதோ, விலைக்குக் கொடுத்தால் “பொழுதுபோக்கு” என்ற உங்கள் சொல்லை எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா விடமாட்டார்.

மிரட்டல் விஷயம் வேறு. பாத்தியைக் கிளறியது உங்கள் கோழி என்றால் அந்தச் சேதத்துக்குப் பொறுப்பு உங்களுடையதுதான். செடியின் விலையைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு, மதிலுக்கு மேல் வலை கட்டிவிடுங்கள். ஆனால் அதற்குப் பதிலாக அவர் விஷம் வைப்பது ஏறக்குறைய எங்கேயும் குற்றம். அவர் சொன்ன வார்த்தை, நாள், நேரம், கூட இருந்தவர் பெயர் எல்லாவற்றையும் இன்றைக்கே எழுதி வையுங்கள், பதில் நோட்டீஸிலும் அது இடம்பெறட்டும். கோழி ஏதாவது திடீரென்று செத்தால் உடனே புதைத்துவிடாதீர்கள். பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம் என்பதால் கையுறை போட்டு எடுத்து, இரட்டைப் பையில் கட்டி, உணவுப் பொருள் இல்லாத இடத்தில் குளிர்ச்சியாக வைத்து, சீக்கிரம் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். உறைய வைத்துவிட்டால் திசுக்கள் சிதைந்து பிரேதப் பரிசோதனை கெடும். பரிசோதனை அறிக்கை இல்லாமல் விஷம் என்று புகார் கொடுப்பதில் பயனில்லை.

என் யோசனை என்னவென்றால், பெட்டைகளுக்காகப் போராடுங்கள், சேவல்களை விட்டுக்கொடுங்கள். “எல்லாக் கோழிகளையும்” என்று அவர் கேட்டிருப்பது மிகை. பெட்டை முட்டையிட்டுவிட்டுக் கொஞ்சம் கொக்கரிக்கும், பகலில்தான். அதற்காக எந்த நீதிபதியும் தடையுத்தரவு போடுவார் என்று நான் நினைக்கவில்லை. விடியற்காலை 4 மணிக் கூவலோ வேறு ரகம். இருட்டுக் கூண்டில் அடைத்தால் அடங்கும் என்று சிலர் சொல்வார்கள். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், வெளிச்சமே மாறாத அறையிலும் சேவல்கள் தம் உடல் கடிகாரத்தை வைத்தே விடியலுக்குரிய நேரத்தில் கூவின. அதனால் போர்வை போட்டு மூடினால் சத்தம் கொஞ்சம் குறையலாம், கூவல் நிற்காது. காற்று இல்லாமல் அடைத்து வைத்தால் மிருகவதைப் புகார் வேறு சேர்ந்துகொள்ளும். ஐந்தையும் நல்ல இடம் பார்த்துக் கொடுத்துவிடுங்கள். கொடுத்ததற்குக் கைப்பட ஒரு சீட்டும் வாங்குங்கள். ராத்திரியோடு ராத்திரியாக எங்காவது சாலையோரம் விட்டுவிட்டு வருவது பல நாடுகளில் குற்றம்.

அதற்காக அடை வைக்கிற ஆசையைக் கைவிட வேண்டியதில்லை. கருமுட்டை வெளியிலிருந்துதானே வாங்குகிறீர்கள், சொந்தச் சேவல் தேவையே இல்லை. ஆனால் 21 நாள் கழித்துப் பொரிகிற குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி சேவலாகத்தான் இருக்கும். ஒவ்வொரு அடையும் அடுத்த வழக்குக்கு விதை. பெரும்பாலான சேவல்கள் 4, 5 மாதத்தில் கூவத் தொடங்கும். கொண்டையையும் முதுகின் பின்புறம் நீண்டு தொங்கும் கூரிய இறகையும் வைத்து 3 மாதவாக்கில் அடையாளம் கண்டுவிடலாம். அந்த இடைவெளிக்குள் அனுப்பிவிட வேண்டும். வாங்கிக்கொள்ள ஆள் யார் என்று உறுதியான பிறகே முட்டையை இன்குபேட்டரில் வையுங்கள். பிறந்த அன்றே நிறத்தை வைத்து ஆண், பெண் பிரிக்கக்கூடிய கலப்பினங்களும் உண்டு. அப்படிப்பட்ட குஞ்சு பொரிக்கும் கருமுட்டை கிடைத்தால் உங்கள் பாடு பாதி குறையும்.

பதிலை உங்கள் ஊர் வக்கீல் மூலமாக, கெடு முடியுமுன் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சேவல்களை அப்புறப்படுத்துவது நல்லுறவு கருதியே, தொல்லை என்று ஒப்புக்கொண்டு அல்ல என்பதும், இது உரிமைகளுக்குப் பாதகமின்றிச் செய்யப்படுகிறது என்பதும் தெளிவாக இருக்கட்டும். பெட்டைகள் தொடரும் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். இழப்பீட்டுக்கு ஒரு பைசாவும் இப்போதே ஒத்துக்கொள்ளாதீர்கள். என்ன நஷ்டம், எந்த நாட்களில், என்ன ஆதாரம் என்று அவர்தான் காட்ட வேண்டும். சேவல் போன பிறகு வெறும் இழப்பீட்டுக்காக நீதிமன்றக் கட்டணமும் வக்கீல் கட்டணமும் கட்டி வழக்கை நடத்த அவருக்கே மனம் வருமா என்பது சந்தேகம். அப்படியே வழக்கு வந்தாலும், சீட்டும் ரசீதும் பதில் நோட்டீஸின் நகலும் உங்கள் கையில் இருக்கும்.