விண்வெளிப் போர் நாவல்களை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எப்போதாவது மட்டும் நாவல் படிக்கும் வாசகன் நான். நண்பரின் வற்புறுத்தலால் விண்வெளிப் போர் பற்றிய ஓர் ஆங்கில நாவலைத் தொடங்கினேன். படைப் பதவிகளும் ஆயுத விவரங்களும் குவிந்து, யார் யாரைச் சுடுகிறார்கள் என்பதே விளங்காமல், ஐம்பது பக்கங்களில் மூடிவைத்துவிட்டேன். ராணுவ அறிவு இல்லாதவர்களுக்கு இவை ஏற்றவை அல்லவா?

பதில்: நானும் இவ்வகையில் கையிலெடுத்த முதல் நாவலை இதே காரணத்துக்காகப் பாதியில் விட்டவன் என்பதால், உங்கள் சலிப்பு எனக்கு நன்றாகப் புரிகிறது. ராணுவ அறிவு தேவையே இல்லை. கட்டளையிடுபவர் யார், அதற்குக் கீழ்ப்படிய வேண்டியவர் யார் என்பது பிடிபட்டால் போதும். துப்பாக்கியின் அமைப்பை விவரிக்கும் பத்திகளைத் தயங்காமல் தாண்டிச் செல்லலாம்.

ஜோ ஹால்டெமன் 1974-இல் வெளியிட்ட 'தி ஃபாரெவர் வார்' நாவலிலிருந்து தொடங்குங்கள். வியட்நாம் போரில் போர்ப் பொறியாளராகப் பணியாற்றிப் பலத்த காயமடைந்தவர் அவர். விண்மீன்களுக்கிடையே ஒளியின் வேகத்தை நெருங்கிப் பயணம் செய்பவருக்குக் காலம் மெதுவாகக் கழியும் என்ற சார்பியல் உண்மையின் மீதே அவர் தம் கதையைக் கட்டியிருக்கிறார். ஒளியின் வேகத்தில் 99 விழுக்காட்டில் செல்லும் கலத்துக்குள் ஓர் ஆண்டு கழிந்தால், பூமியில் ஏறத்தாழ 7 ஆண்டுகள் கழிந்திருக்கும். ஆகவே நாயகன் மண்டெல்லா போர்முனையிலிருந்து திரும்பும்போது அவனுக்குச் சிறிதளவே வயது கூடியிருக்க, பூமியிலோ பல ஆண்டுகள் ஓடி, அவன் விட்டுச்சென்ற உலகமே இல்லாமல் போயிருக்கிறது. அந்நியமாகிவிட்ட அந்த வாழ்க்கையில் ஒட்ட முடியாமல் அவன் மீண்டும் படைக்கே திரும்புகிறான். வீடு திரும்பிய படைவீரன் தன் ஊரிலேயே வேற்றாளாகும் துயரத்தைச் சொல்ல, கால வேறுபாட்டைவிடப் பொருத்தமான கருவி அறிவியலில் வேறொன்று இருக்கிறதா என்று வியந்திருக்கிறேன். இங்கே இயற்பியல் கதைக்கு அணியாக நிற்கவில்லை. கதையின் வலியே அதிலிருந்துதான் பிறக்கிறது. ஆயுத விவரங்களில் சிக்கிக்கொள்ளும் வாசகர் இந்த இழையைப் பற்றிக்கொண்டால் நாவல் முழுவதையும் கடந்துவிடலாம்.

கேள்வி: என் நண்பர் பெரிதும் புகழ்வது ராபர்ட் ஹைன்லைனின் 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' நாவலை. அதையும் படிக்கலாமா?

பதில்: படியுங்கள், ஆனால் இரண்டாவதாக. 1959-இல் வெளிவந்த அந்நாவலில் போர்க்காட்சிகளைக் காட்டிலும் பயிற்சி முகாமும் வகுப்பறை விவாதங்களும் மிகுதி. அரசுப் பணியை நிறைவு செய்தவர்களுக்கே வாக்குரிமை என்ற அதன் அரசமைப்பை என்னால் ஏற்க முடியவில்லை. எனினும் ஒரு சாதாரண இளைஞன் பயிற்சியின் கடுமையால் படிப்படியாகப் படைவீரனாக உருமாறும் பகுதிகள் இன்றும் என்னை ஈர்க்கின்றன. ஹைன்லைன் அமெரிக்கக் கடற்படையில் அதிகாரியாக இருந்து, காசநோயால் 1934-இல் பணியிலிருந்து விலக நேர்ந்தவர். படையின் ஒழுங்கின் மீது அவருக்கிருந்த பற்று பக்கந்தோறும் தெரியும். மண்டெல்லாவின் தனிமையை முதலில் உணர்ந்த பிறகு அந்த வகுப்பறைகளுக்குள் நுழைந்தால், ஆசிரியர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டாமல் அவரோடு வாதிட்டபடியே நீங்கள் படிப்பீர்கள். பாதியில் மூடிவைத்த நாவலை அதன் பிறகு எடுத்துக்கொள்ளுங்கள்.