எப்பாக்சி டேபிளில் காபி டம்ளர் வைத்தால் வட்டம் விழுகிறது. ஹார்டனரைக் கூட்டிக் கலந்தால் சூடு தாங்குமா?

தாங்காது, இன்னும் இளகும். ஏற்காட்டு சில்வர் ஓக் பலகையில் ஊற்றி, அறைச் சூட்டிலேயே இரண்டு நாள் காயவிட்டு எடுத்திருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஹார்டனரைப் பெயிண்டுக்குத் தின்னர் போல நினைத்துக் கூட்டக் குறைக்கக் கூடாது. அது ரெசினோடு, அதாவது எப்பாக்சிப் பிசினோடு, எண்ணிக் கோர்த்துக்கொண்டு அதை இறுகவைக்கும் சரக்கு. கூடினால் கோர்க்க ஆளில்லாத அமீன் (ஹார்டனரில் இருக்கும் வேதிப்பொருள்) உள்ளேயே தங்கி இளக்கும், ஈரத்தையும் இழுக்கும். குறைந்தால் ரெசின் பாதியில் நின்றுவிடும்.

ஈக்விவலன்ட் (கோர்க்கும் இடம் ஒன்றுக்கு எத்தனை எடை ரெசின் என்ற எண்) 190 உள்ள சாதா ரெசின் 100 கிராமுக்கு, ஹார்டனர் ட்ரையெத்திலீன் டெட்ரமீன் என்றால் 13 கிராம், ஐசோஃபோரோன் டயமீன் 22, மெதுவாக இறுகும் பாலிஈதர் அமீன் 32. எல்லாம் எடைக் கணக்கு. சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் இருப்பது மாதிரி கிராம் காட்டும் தராசு வேண்டும். ஹார்டனர் ரெசினைவிட லேசானது. எடையில் 100க்கு 32 என்பது அளவுக் குவளையில் 100க்கு 39 ஆகிவிடும். டப்பாவில் "3க்கு 1" என்று மட்டும் அச்சடித்து, எடையா அளவா என்று சொல்லாமல் விற்கிறார்களே, அதில்தான் பாதி டேபிள் கெடுகிறது. "ஹீட் ரெசிஸ்டன்ட்" என்று பெரிதாகப் போடுவார்கள், எத்தனை டிகிரி என்று போட மாட்டார்கள்.

அளவு சரியாக இருந்தும் வட்டம் விழுகிறதா? அப்போது குறை காயவிட்ட சூட்டில். 30 டிகிரியில் இறுகிய எப்பாக்சி சுமார் 50, 55 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். இறுகிப்போனதும் மூலக்கூறுகள் அசைய முடியாது, மிச்ச வினை அப்படியே உறைந்துவிடும். வெளியிலிருந்து சூடு கொடுத்தால்தான் அது முடியும். முழுதாகச் சூடேற்றிய பாலிஈதர் அமீன் 85 டிகிரி வரை நிற்கும். டெட்ரமீன் 110ஐத் தாண்டும், ஆனால் மஞ்சளாகும். ஒரே குவளையில் ஒரு கிலோ டெட்ரமீன் கலவை வைத்தால் புகைந்துவிடும். டிரான்ஸ்ஃபார்மருக்கு ஊற்றும், அன்ஹைட்ரைடு என்ற வேறு ஹார்டனர் சேர்த்த வகையை 140, 150 டிகிரியில் வேகவைக்க வேண்டும். வீட்டு வேலைக்கு அது வேண்டாம்.

ஊற்றி 24 மணி நேரம் கழித்து, ப்ளைவுட் பெட்டிக்குள் பல்பும் தெர்மாமீட்டரும் வைத்து 40, 50, 60 என்று இரண்டிரண்டு மணி நேரம் ஏற்றுங்கள். மரம் இல்லாத வார்ப்பு என்றால் 80இல் மூன்று மணி நேரம். மரம் இருந்தால் 60ஐத் தாண்ட வேண்டாம், பலகை வெடிக்கும், குமிழி கிளம்பும். அதனால் மர டேபிளில் கொதிக்கும் பாத்திரத்துக்கு எப்போதும் அடித்தட்டு வேண்டும். பெட்டியிலேயே ஆறவிடுங்கள். ஏற்கெனவே விழுந்த வட்டமும் இந்தச் சூட்டில் ஓரளவு மேலெழும்.

ஏற்காட்டில் வேலை செய்தால் மூடுபனி நாளில் ஊற்றாதீர்கள். மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் வரும். அதை முதலில் வெந்நீரில் கழுவிவிட்டுத்தான் உப்புத்தாள் போட வேண்டும்.

கெமிஸ்ட்ரி படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். பிராண்டுக்குப் பிராண்டு கலவை மாறும், டப்பா விகிதமே முதல் கணக்கு.

குவளையில் மிஞ்சியதை ஒரு மூடியில் ஊற்றி டேபிளோடு சேர்த்தே சூடேற்றுங்கள். அதன்மேல் கொதிநீர் டம்ளரைப் பத்து நிமிடம் வைத்து, எடுத்ததும் நகத்தால் அழுத்துங்கள். தடம் ஆழமாக விழுந்தால் 60இல் இன்னும் நான்கு மணி நேரம் வையுங்கள். அதற்குப் பிறகும் ரப்பர் மாதிரியே இருந்தால் கலவை தப்பு. சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி ஊற்றுவதுதான்.