வெளியில் வாங்கச் சொன்ன மருந்து

அன்புள்ள அண்ணா,

2022 ஜூலை 9ஆம் திகதி நான் ஆர்ப்பாட்டக்காரரோடு காலிமுகத்திடலில் நின்றேன். கொழும்பில் படித்துக்கொண்டிருந்த காலம். என் அறை நண்பன் சிங்களவன், அவன்தான் இழுத்துக்கொண்டு போனான். அன்று இந்த நாட்டில் எல்லாம் மாறிவிட்டது என்று நினைத்தேன்.

போன மாதம் அம்மாவை கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். பிரஷர் குளிசை இருந்தது, இன்சுலின் இல்லை. துண்டில் எழுதித் தந்து வெளியில் வாங்கச் சொன்னார்கள். அன்று இரவு ஒரு சேனல், தட்டுப்பாடே இல்லை என்றது. இன்னொரு சேனலைப் பார்த்தால் நாளைக்கே எல்லா ஆஸ்பத்திரியையும் பூட்டிவிடுவார்கள் போலிருந்தது. முகநூலில் ஒருவர், மருந்தெல்லாம் தெற்கோடு நின்றுவிடுகிறது, வடக்கு கிழக்குக்கு வருவதில்லை என்று எழுதியிருந்தார். பழைய அறை நண்பனைக் கேட்டேன். வெளிநாட்டு உதவியெல்லாம் உங்கள் பக்கம்தானே போகிறது என்கிறான் அவன்.

யாரை நம்புவது? அரகலய என்ற அந்தப் போராட்டம் நாட்டை ஒன்றாக்கிவிட்டது என்று அப்போது நீங்களும் எழுதினீர்கள். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறீர்களா?

(பெயர் வேண்டாம்)
மட்டக்களப்பு

*

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. அவசரப்பட்டு எழுதிவிட்டேன். பெற்றோலும் காஸும் பால்மாவும் எல்லார் வீட்டிலும் ஒன்றாகத் தீர்ந்தன, எல்லாரும் ஒரே வரிசையில் நின்றோம். அதைப் பார்த்து மயங்கிவிட்டேன். யாழ்ப்பாணத்தில் என் மாமி அப்போதே சிரித்தார். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் அலைந்தவர் அவர். “இப்பதான் அவைக்கு வரிசை வந்திருக்கு” என்றார், சிங்களவர்களைச் சொல்லி. ஜூலை 9 ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவை ஓடவைத்தது. 14ஆம் திகதி பதவி விலகினார். 22ஆம் திகதி விடிவதற்குள் படையினர் வந்து போராட்டக்காரரின் கூடாரங்களைப் பிடுங்கிவிட்டார்கள். நடந்தது பெரிய விஷயம்தான். ஆனால் அதற்கு முந்தைய கணக்குகள் எதுவும் அன்று தீரவில்லை.

அந்தக் கணக்குகளில் ஒன்று நீங்கள் அம்மாவைக் கூட்டிப்போன இடத்தில் இருக்கிறது.

நம் நாட்டு இலவச வைத்தியத்தில் எனக்குப் பெருமை உண்டு. 1950களின் தொடக்கத்திலிருந்து காசில்லாமல் பார்க்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று சான்று தந்தது. தொண்ணூறுகளில் போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் நாள்களில் அரச படை, புலிகள் என இரு தரப்பும் சண்டையை நிறுத்தியிருக்கின்றன. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில்கூட வைத்தியர்களுக்குச் சம்பளம் கொழும்பிலிருந்துதான் போனது. இரு பக்கமும் கொஞ்சமாவது நம்பிய ஒரே அரசு அலுவலகம் ஆஸ்பத்திரி. அதனாலோ என்னவோ, பொய் சொல்ல நினைத்தவர்களும் அங்கேதான் வந்தார்கள்.

2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. கறியில் ஒரு கட்டி கிடந்தது. சாப்பிட வந்தவர்கள், மலட்டுக் குளிசை போட்டாயா என்று சிங்களத்தில் கேட்டு வீடியோ எடுக்கிறார்கள். கடைக்காரருக்குச் சிங்களம் சரியாக வராது. மிரண்டுபோய், ஓம் போட்டோம் என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டார். வீடியோ நாடு முழுக்கப் போனது. அந்தக் கட்டி வெறும் மாவு என்று அரச பகுப்பாய்வாளர் சொன்னபோது கடையும் பக்கத்துப் பள்ளிவாசலும் தாக்கப்பட்டு முடிந்திருந்தது. அடுத்த வாரம் கண்டிப் பக்கம் திகனவில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. சாப்பாட்டில் கலந்து ஆளை மலடாக்கும் குளிசை உலகத்தில் எங்கும் இல்லை. அதை அன்று முதல் பக்கத்தில் சொல்லியிருக்க வேண்டியவர்கள் சொல்லவில்லை.

அடுத்த வருடம் ஈஸ்டர் குண்டுவெடிப்பு. அது நடந்து ஒரு மாதத்தில், 2019 மே 23ஆம் திகதி, ‘திவயின’ என்ற சிங்கள நாளிதழ் முதல் பக்கத்தில் ஒரு செய்தி போட்டது: தவ்ஹீத் ஜமாஅத் என்ற இஸ்லாமிய அமைப்பைச் சேர்ந்த வைத்தியர் ஒருவர் நாலாயிரம் சிங்களத் தாய்மாருக்குக் கருத்தடை செய்துவிட்டாராம். செய்தியில் பெயர் இல்லை. மறுநாள் குருநாகல் ஆஸ்பத்திரி வைத்தியர் ஷாபி ஷிஹாப்தீன் கைதானார். பல நூறு பெண்கள் முறைப்பாடு கொடுத்தார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அடுத்த பிள்ளை தங்காத ஒரு பெண்ணுக்கு, காரணம் இதுதான் என்று பத்திரிகையே சொன்னால் அவள் என்ன செய்வாள்? சத்திரசிகிச்சைக் கூடத்தில் உடனிருந்த தாதியரை விசாரித்தார்கள். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் ஆதாரம் இல்லை என்று நீதிமன்றத்தில் சொன்னது. ஜூலை கடைசியில் பிணை கிடைத்தது. நாலாயிரம் என்ற எண்ணை யார் எண்ணினார்கள் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

இதில் தமிழர்கள் நாம் சுத்தம் என்று நினைக்கவேண்டாம். அந்த மே மாதம் என் முகநூலில் அந்தச் செய்தியைத் தமிழில் பகிர்ந்தவர்கள் நிறையப் பேர். நான் பகிரவில்லை, ஆனால் வாயும் திறக்கவில்லை.

இதற்கு நேரெதிரான கதை பத்து வருடம் முந்தியது. 2009இல் வன்னிக்குள் பத்திரிகையாளர் போக முடியாது. உள்ளே எத்தனை பேர் செத்தார்கள், எந்த ஆஸ்பத்திரியில் ஷெல் விழுந்தது என்று வெளி உலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னவர்கள் ஒரு சில அரசாங்க வைத்தியர்கள். உடல்களைப் பார்த்தவர்கள், எண்ணியவர்கள். போர் முடிந்ததும் அவர்களைப் பிடித்தார்கள். ஜூலை 8ஆம் திகதி கொழும்பில் பத்திரிகையாளர் முன் உட்கார்த்தி வைத்தார்கள். புலிகளின் அழுத்தத்தால் எண்ணிக்கையைக் கூட்டிச் சொன்னோம், செத்தது சில நூறு பேர்தான் என்றார்கள். இறந்த பொதுமக்கள் 40,000 பேர் வரை இருக்கலாம் என்று 2011இல் ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு எழுதியது. வைத்தியர்களில் ஒருவர் நாட்டைவிட்டுப் போன பிறகு, அன்று பேசியது கட்டாயத்தில் என்று சொன்னார். அதே ஐ.நா. அறிக்கை, தப்பி வெளியேற முயன்ற சனத்தைப் புலிகள் சுட்டதையும் எழுதியிருக்கிறது. அதை அப்போது எத்தனை தமிழ்ப் பத்திரிகைகள் எழுதின?

தம்மிக்க என்பவர் கொடுத்த மருந்துப் பாணியை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2020 டிசம்பரில், கொரோனாவுக்கு மருந்து என்று தேனில் காய்ச்சிய பாணியைச் சுகாதார அமைச்சரே குடித்துக் காட்டினார். கேகாலையில் ஆயிரக்கணக்கில் சனம் கூடியது. ஜனவரியில் அமைச்சருக்குக் கொரோனா. இதில் சிரிக்கலாம். ஆனால் அதே மாதங்களில், நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்று சொல்லி, கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களைப் பலவந்தமாக எரித்தார்களே, அதில் சிரிக்க முடியாது. பிறந்து 20 நாளான குழந்தையைக்கூட விடவில்லை. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் 2021 பெப்ரவரி வரை இது நடந்தது. சுகாதாரம் என்ற வார்த்தையை வைத்து ஒரு சமூகத்தை அழவைக்கலாம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

2021 ஆகஸ்டில் அந்த அமைச்சரை மாற்றினார்கள். சுகாதார அமைச்சுக்கு யார் வந்தார்? ஊடக அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல. போர்க்காலத்தில் அரசின் பாதுகாப்புப் பேச்சாளராக இருந்தவர். அவர் காலத்தில்தான் மருந்து தீர்ந்தது, தரமில்லாத இம்யூனோகுளோபுலின் என்ற ஊசி மருந்தை வாங்கிய விவகாரமும் வந்தது. 2024 பெப்ரவரியில் கைது செய்யப்பட்டபோது அவர் சுற்றாடல் அமைச்சர். குற்றமா இல்லையா என்பதை நீதிமன்றம் பார்க்கட்டும். செய்தி சொல்லும் வேலையும் மருந்து வாங்கும் வேலையும் இந்த நாட்டில் ஒரே ஆளுக்குக் கொடுக்கக்கூடிய வேலைகள் என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது.

சரி, யாரை நம்புவது? எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு எண் வந்தால், அதை எண்ணியவர் யார், எண்ணியதால் அவருக்கு என்ன ஆனது என்று தேடிப்பார்ப்பேன். 2022 மார்ச்சில் மருந்து இல்லாததால் சத்திரசிகிச்சைகளைத் தள்ளிவைக்கிறோம் என்று சொன்னது பேராதனை ஆஸ்பத்திரியே. எதிர்க்கட்சி சொல்லவில்லை, வெளிநாட்டு ஊடகம் சொல்லவில்லை. நம்பினேன். அதே வருடம் ஹம்பாந்தோட்டையில் பிள்ளைகள் ஊட்டச்சத்து இல்லாமல் வாடுகிறார்கள் என்று சொன்ன ஒரு சிங்கள வைத்தியரை வேலையிலிருந்து இடைநிறுத்தினார்கள். ராஜபக்சக்களின் சொந்த மாவட்டத்தில்! வன்னி வைத்தியர்களுக்கு நடந்ததையும் இதையும் உங்கள் அறை நண்பனிடம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லிப்பாருங்கள். அவனுக்கு ஒன்று தெரிந்திருக்கும், உங்களுக்கு மற்றது.

இந்த வழியிலும் ஓட்டை உண்டு. தண்டிக்கப்பட்டவர் எல்லாரும் சரியாக எண்ணியவர் என்று சொல்ல முடியாது. ஆனால் எண்ணாமலே பேசுகிறவர்களை வடிகட்ட இது போதும். மருந்து தெற்கோடு நின்றுவிடுகிறது என்று எழுதியவரிடம் எந்த ஆஸ்பத்திரி, எந்த மருந்து, எப்போது என்று கேளுங்கள். நண்பனிடமும் அதையே கேளுங்கள்.

அப்புறம், வைத்தியர் ஷாபிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. 2022இல் நிலுவைச் சம்பளம் 26 லட்சம் ரூபாய்க்கு மேல் வந்தது. அதை அவர் அப்படியே சுகாதார அமைச்சுக்கு, மருந்து வாங்கக் கொடுத்துவிட்டார். நாலாயிரத்துக்குக் கிடைத்த முதல் பக்கம் இதற்குக் கிடைக்கவில்லை.

உங்களிடம் ஒரு வேலை. இன்சுலின் இல்லை என்று தந்த துண்டு இன்னும் கையில் இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். அம்மாவின் பெயரையும் கிளினிக் இலக்கத்தையும் மறைத்துவிடுங்கள். திகதியும், வெளி பாமசியில் கொடுத்த காசும் தெரிந்தால் போதும். முடிந்தால் நண்பனின் ஊரிலிருந்தும் ஒரு துண்டு வாங்கித் தாருங்கள். இரண்டையும் இங்கே ஒன்றாகப் போடுகிறேன்.

அன்புடன்
அண்ணா