வீடியோக்களிலிருந்து ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் ஸ்கிரிப்ட்: பட்டியலில் பாதிக் கோப்புகள் ஏன் விடுபடுகின்றன?

நீளமான வீடியோக்கள் நிறைய இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்க எஃப்எஃப்எம்பெக் என்ற, கட்டளை வரியில் இயங்கும் வீடியோ மென்பொருளை வைத்து எழுதிய ஸ்கிரிப்ட் பாதிக் கோப்புகளை விட்டுவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் என்னைப் போல வீடியோ கடை நடத்துபவராகத்தான் இருக்க வேண்டும்.

கிருஷ்ணகிரிப் பக்கம் பொங்கல் கழிந்ததும் எருது விடும் விழாக்கள் தொடங்கிவிடும். தம் எருது எல்லைக்கோட்டைக் கடக்கும் கணத்தை ஃபிளக்ஸில் போட வேண்டும் என்று உரிமையாளர்கள் கடைக்கு வருவார்கள். வீடியோவுக்குப் பேசிய தொகையிலேயே படமும் அடக்கம் என்பது அவர்கள் கணக்கு. அப்படி இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. விஎல்சி வீடியோ பிளேயரில் நிறுத்தி ஒரு பொத்தானை அழுத்தினால் போதாதா என்று இங்கேயும் சிலர் கேட்பார்கள். ஒரு வீடியோவுக்குப் போதும், நாற்பதுக்குப் போதாது.

கோப்புப் பெயர்களை ஒரு பட்டியலில் எழுதி, அதை வரிவரியாகப் படிக்கும் 'வைல் ரீட்' சுழற்சிக்குள் நானும் எஃப்எஃப்எம்பெக்கை வைத்து, இரவில் ஓடவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் முதல் கோப்புக்குப் படங்கள் வந்திருந்தன. அடுத்ததற்கு 'பனப்பள்ளி என்று கோப்பே இல்லை' என்று பிழை. நான் வைத்த பெயர் வேப்பனப்பள்ளி. ஓடும்போது விசைப்பலகைக் கட்டளைகளை எதிர்பார்த்து உள்ளீட்டைப் படிப்பது எஃப்எஃப்எம்பெக்கின் வழக்கம் என்பதால், சுழற்சிக்காகக் காத்திருந்த பட்டியலின் எழுத்துகளை அதுவே விழுங்கிவிடுகிறது. உள்ளீட்டைப் படிக்காதே என்று சொல்லும் 'நோஎஸ்டிடிஇன்' தெரிவை ஹைபனுடன் கட்டளையில் சேர்த்ததும் சரியாயிற்று. இரண்டு நாள் வன்வட்டைச் சந்தேகித்தேன் என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

குறிப்பிட்ட ஒரு கணத்தின் படம் மட்டும் வேண்டுமென்றால், நேரத்தைச் சொல்லும் 'எஸ்எஸ்' தெரிவை, கோப்பைக் குறிக்கும் 'ஐ'க்கு முன்னால் எழுதுங்கள். பின்னால் எழுதினால் வீடியோவைத் தொடக்கத்திலிருந்து அவிழ்த்துக்கொண்டே வரும். இரண்டாம் மணி நேரத்துப் படத்துக்கு டீ குடித்துவிட்டு வரலாம். நிமிடத்துக்கு ஒன்று என்றால், விநாடிக்கு எத்தனை படம் என்பதைச் சொல்லும் 'எஃப்பிஎஸ்' வடிகட்டியில் அறுபதில் ஒன்று என்று கொடுத்தால் போதும். ஜேபெக் தரத்துக்கு 2 கொடுங்கள். எண் கூடக் கூடப் படம் கெடும்.

பழைய கேசட்டுகளிலிருந்து மாற்றிய வீடியோ என்றால் பாதிப் பாதியாகப் பதிவான படத்தைச் சரிசெய்யும் 'யாடிஃப்' வடிகட்டியும் வேண்டும். அவற்றில் ஒரு சட்டகம் (ஃபிரேம்) என்பது 20 மில்லிவிநாடி இடைவெளியில் பதிவான இரு பாதிகளின் சேர்க்கை. அதற்குள் ஓடும் எருது ஏறத்தாழ ஒரு சாண் நகர்ந்திருக்கும். வடிகட்டி போடாமல் நான் எடுத்துக் கொடுத்த முதல் படத்தில், கொம்பின் விளிம்பு முழுவதும் சீப்புப் பல்லாக இருந்தது. ஃபிளக்ஸ் அச்சடித்துக் கம்பத்தில் கட்டிய பிறகே அது என் கண்ணில் பட்டது.